எஸ்க்ரோ இல்லாத வீடுகள்

ஜனவரி என்றால் ஊருக்கெல்லாம் பொங்கல். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு அது டெக்ஸாஸ் மாதம். அந்த மாநிலத்துக் கவுண்டிகள், அதாவது மாவட்ட நிர்வாகங்கள், அக்டோபரில் அனுப்பத் தொடங்கும் சொத்துவரி பில்லைக் கட்டக் கடைசி நாள் ஜனவரி 31. போகிக்கு லீவு கேட்டால் டீம் லீட் காதில் விழாத மாதிரி ஹெட்போனை மாட்டிக்கொள்வார். அதற்கு முன்னால் டிசம்பர் 10 கலிஃபோர்னியா. மார்ச் 31 ஃப்ளோரிடா. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று வருடத்தில் நான்கு தடவை நியூ ஜெர்சி. நான் கால் வைக்காத ஊர்களின் வரித் தேதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். எங்கள் வீட்டு மாநகராட்சி வரியை மட்டும் என் கணவர்தான் ஞாபகப்படுத்துவார்.

அமெரிக்க வீட்டுக்கடன்களைக் கவனித்துக்கொள்ளும் கம்பெனி ஒன்றின் சென்னை ஆபீஸில் எனக்கு வேலை. கடன் கொடுத்தது ஒரு பாங்க். அந்தக் கடனை வாங்கி வைத்திருக்கும் முதலீட்டாளர் வேறொருவர். மாதாமாதம் தவணை வசூலித்து, கணக்கு எழுதி, கடிதம் போடுவது மூன்றாவது ஆள். அவரைச் சர்வீஸர் என்பார்கள். அந்த மூன்றாவது ஆளின் வேலையில் ஒரு பகுதி சென்னையில் ராத்திரி ஷிஃப்டில் நடக்கிறது.

அங்கே மாதத் தவணை என்பது அசலும் வட்டியும் மட்டுமல்ல. சொத்துவரியிலும் வீட்டு இன்சூரன்ஸ் ப்ரீமியத்திலும் பன்னிரண்டில் ஒரு பங்கைச் சேர்த்து வாங்கித் தனிக் கணக்கில் போடுவார்கள். பில் வந்ததும் சர்வீஸரே கட்டிவிடும். அந்தத் தனிக் கணக்குதான் எஸ்க்ரோ. 1974-இல் வந்த ரெஸ்பா சட்டமும் அதன் விதிகளும் இதற்கு வரம்பு வைத்திருக்கின்றன. கூடுதல் கையிருப்பு என்று வருடச் செலவில் ஆறில் ஒரு பங்குக்கு மேல், அதாவது இரண்டு மாதத் தொகைக்கு மேல், பிடித்து வைக்கக் கூடாது. வருடம் ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். 50 டாலரோ அதற்கு மேலோ மிஞ்சினால் திருப்பித் தர வேண்டும்.

என் மேசைக்கு வந்தவர்கள் இந்தக் கணக்கு இல்லாதவர்கள். வீட்டு விலையில் 20 சதவீதமோ அதற்கு மேலோ கைப்பணம் போட்டு, வரியையும் இன்சூரன்ஸையும் நானே கட்டிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள். அப்படி விலகுவதற்குச் சில பாங்குகள் கட்டணம்கூட வாங்கும். அரசு உத்தரவாதத்தோடு வரும் எஃப்.எச்.ஏ. கடன் வாங்கியவருக்கு இந்தச் சலுகையே கிடையாது.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள். “அக்கா, அவன் வீட்டு வரியை அவன் கட்டுறான், கட்டாம போறான். நமக்கு என்னக்கா?”

நமக்குத்தான் எல்லாம். வரி பாக்கிக்குக் கவுண்டிக்கு இருக்கும் பாத்தியதை, கடன் கொடுத்தவரின் அடமானத்துக்கும் முந்தியது. அடமானம் பத்து வருடம் முன்பே பதிவாகியிருந்தாலும் போன வருட வரிதான் முன்னால் போய் நிற்கும். கவுண்டி வீட்டை ஏலம் விட்டால், பாங்குக்குப் பல இடங்களில் மீதி இருந்தால்தான் உண்டு. மூன்று லட்சம் டாலர் கடன், நாலாயிரம் டாலர் வரி பாக்கியால் அந்தரத்தில் தொங்கலாம். வீட்டுக்காரர் மேல் உள்ள அக்கறையால் எஸ்க்ரோ வைத்திருப்பதாகப் பாங்குகள் விளம்பரம் செய்யும்போது எனக்குச் சிரிப்பு வரும். அது பாங்க் தன்னைக் காத்துக்கொள்ள வைத்த ஏற்பாடு. வீட்டுக்காரருக்கும் அது நல்லது செய்வது தற்செயல்.

எங்கள் வேலை பட்டியலோடு தொடங்கும். கவுண்டிகளிடம் தகவல் திரட்டித் தரும் டாக்ஸ் சர்வீஸ் கம்பெனி, யார் யார் பாக்கி என்று ஒரு ரிப்போர்ட் அனுப்பும். அதை அப்படியே நம்பிக் கடிதம் போட்டால் அடுத்த நாள் போன் கிழியும். ஆகவே ஒவ்வொரு பெயராக வரி வசூலிக்கும் ஆபீஸின் இணையதளத்தில் தேட வேண்டும். தேடுவதும் பெயரை வைத்து அல்ல, சொத்து எண்ணை வைத்துத்தான். கலிஃபோர்னியாவில் அது பார்சல் நம்பர், நியூ ஜெர்சியில் பிளாக், லாட் என்று இரண்டு எண்கள், டெக்ஸாஸில் அக்கவுண்ட் நம்பர். பணம் கட்டிவிட்டேன், பாங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது என்று சாதிப்பவரின் பணம், ஒரு இலக்கம் மாறிப் பக்கத்து வீட்டுக் கணக்கில் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வாய் திறக்க மாட்டார் என்பதைச் சொல்ல வேண்டுமா? பாக்கி உண்மைதான் என்று தெரிந்தால் கடிதம் போகும். பதில் இல்லையென்றால் சர்வீஸர் முன்பணமாகக் கட்டி, அதை வசூலிக்க எஸ்க்ரோ கணக்கு ஒன்றை அவர் தலையில் கட்டிவிடும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வாங்கிய உரிமை அதோடு போயிற்று.

கலிஃபோர்னியா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே முதல் தவணை நவம்பர் 1 முதல் டிசம்பர் 10 வரை, இரண்டாவது பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 10 வரை. ஒருநாள் தாண்டினாலும் 10 சதவீத அபராதம். இது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது சப்ளிமென்டல் பில். 1978-இல் வந்த 13-ஆவது முன்மொழிவின்படி அங்கே வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறினால் புது விலைக்கு ஒரேயடியாக ஏறும். பழைய மதிப்புக்கும் புது விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு தனி பில் சில மாதம் கழித்து வரும். அது வீட்டுக்காரர் பெயருக்கே போகும், பாங்குக்குப் போகாது. எஸ்க்ரோ இருக்கிறது, பாங்க் பார்த்துக்கொள்ளும் என்று அந்தக் கவரைப் பிரிக்காமலே போட்டு வைத்தவர்கள் அநேகம். எஸ்க்ரோ இல்லாதவர்கள் இந்த விஷயத்தில் மட்டும் தப்பித்துவிடுவார்கள். வரும் கவரையெல்லாம் பிரிக்கும் பழக்கம் அவர்களுக்கு இருக்கும்.

வரி வருடத்துக்குச் சில முறைதான் வந்து போகும். இன்சூரன்ஸ் வருடம் முழுவதும் வேலை வைக்கும். எந்த நாளில் பார்த்தாலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும், அதன் முதல் பக்கத்தில் கடன் கொடுத்தவரின் பெயர் சரியாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை நாங்கள் டெக் பேஜ் என்போம். ஒரு சர்வீஸரிடமிருந்து இன்னொன்றுக்குக் கடன் கைமாறும்போதுதான் குழப்பம் பிறக்கிறது. வீட்டுக்காரர் புது இடத்துக்குத் தவணை கட்டத் தொடங்கிவிடுவார், இன்சூரன்ஸ் ஏஜென்டுக்குச் சொல்ல மறந்துவிடுவார். புதுப்பித்த பாலிசியின் நகல் பழைய சர்வீஸருக்குப் போகும். புதியவருக்கு எதுவும் வராது. வராவிட்டால் எங்கள் சிஸ்டத்துக்கு ஒரே அர்த்தம்தான்: இந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் இல்லை.

உடனே சர்வீஸர் தானாக ஒரு பாலிசி எடுத்து அதன் ப்ரீமியத்தைக் கடனில் ஏற்ற முடியும். லெண்டர் ப்ளேஸ்டு என்பார்கள். விலை வழக்கமான பாலிசியைவிட மிக அதிகம், பாதுகாப்போ குறைவு. பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். உள்ளே இருக்கும் சாமான்களுக்கு எதுவும் இல்லை, படியில் வழுக்கி விழுந்த விருந்தாளி வழக்குப் போட்டால் அதற்கும் இல்லை. 2008 நெருக்கடியை ஒட்டிய வருடங்களில் இதில் நடந்த கூத்துக்குப் பிறகு விதி இறுகியது. 2014 ஜனவரியிலிருந்து, பணம் வசூலிக்க 45 நாள் முன்பே முதல் கடிதம் போக வேண்டும். அது போய்க் குறைந்தது 30 நாள் கழித்து நினைவூட்டல். அதற்கும் பிறகு 15 நாள் பொறுக்க வேண்டும். பாலிசி இருந்ததற்கு ஆதாரம் வந்துவிட்டால் 15 நாளுக்குள் ரத்து செய்து, இரண்டு பாலிசியும் சேர்ந்து ஓடிய காலத்துப் பணத்தைத் திருப்ப வேண்டும். நாங்கள் அனுப்பும் அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடுபவர்களே அதிகம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அங்கே வீட்டுக்கடன்காரருக்கு வரும் தபாலில் பாதி அப்படித்தான் இருக்கும்.

இத்தனையும் கடன் இருக்கிறவர்களுக்கு. அவர்களுக்காவது எங்களைப் போல யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடனை முடித்தவருக்கு அதுவும் கிடையாது. அமெரிக்காவில் சொந்தமாகக் குடியிருக்கும் வீடுகளில் சுமார் 40 சதவீதத்துக்கு அடமானமே இல்லை. முப்பது வருடம் எஸ்க்ரோவில் இருந்தவருக்குக் கவுண்டி ஆபீஸ் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. கடன் முடிந்த முதல் வருடம்தான் அந்த வீட்டுக்கு ஆபத்தான வருடம் என்பது என் அனுபவம்.

டெக்ஸாஸின் ஃப்ரிஸ்கோவில் இருக்கும் என் சித்தி பையன் ஒரு அக்டோபர் கடைசியில் கூப்பிட்டான்.

“அக்கா, லோன் முடிஞ்சுதுக்கா! இனிமே கவலையே இல்ல.”

“இனிமேதாண்டா கவலை. டாக்ஸ் பில் எங்க?”

“அதெல்லாம் பாங்க்தான கட்டும்?”

“எந்த பாங்க்?”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, பாங்கிடமிருந்து ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் ஒரு செக் வந்திருக்கிறது, போனஸ் மாதிரி இருக்கிறது, டிசம்பரில் ஹவாய் போகலாம் என்று நினைக்கிறோம் என்றான். கடன் முடிந்தால் எஸ்க்ரோவில் மிஞ்சியிருப்பதை, விடுமுறைகளையும் சனி ஞாயிறையும் கழித்து 20 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். அவனுடைய பழைய சர்வீஸர் டெக்ஸாஸ் வரியை டிசம்பரில்தான் கட்டும். இவன் அக்டோபரிலேயே கணக்கை முடித்துவிட்டான். அந்த வருட வரிதான் செக்காகத் திரும்பி வந்திருக்கிறது. ஹவாய் பயணம், கவுண்டிக்குப் போக வேண்டிய பணத்தில் கிளம்பவிருந்தது.

நவம்பர், டிசம்பரில் கடனை முடிப்பவர்களுக்கு இதன் மறுபக்கமும் நடக்கும். சர்வீஸர் வரியைக் கட்டிவிட்டிருக்கும், வீட்டுக்காரரும் கட்டுவார். இரட்டையாகப் போன பணத்தைக் கவுண்டியிடமிருந்து வாங்குவது முடியாத காரியம் இல்லை, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். கட்டுவதற்கு முன் கவுண்டி தளத்தில் பாக்கி எவ்வளவு என்று பார்ப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

பில் இவன் வீட்டுக்கு வராததற்குக் காரணம் உண்டு. கவுண்டியின் ஏட்டில், இந்தச் சொத்தின் பில்லை இன்ன சர்வீஸருக்கு அனுப்பு என்று ஒரு குறி இருந்திருக்கிறது. கடன் முடிந்தாலும் அது தானாக அழியாது. யாராவது சொல்லித்தான் நீக்க வேண்டும். பில்லே வரலையே, அபராதம் எப்படிப் போடுவார்கள் என்று அவன் கேட்டான். போடுவார்கள். பில் அனுப்பாததோ கிடைக்காததோ வரியையும் அபராதத்தையும் வட்டியையும் பாதிக்காது என்று டெக்ஸாஸ் வரிச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கலிஃபோர்னியாவிலும் அப்படித்தான்.

எஸ்க்ரோவை ஒழித்துவிட்டு அந்தப் பணத்தில் வட்டி வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். வரி 9,000 டாலர், இன்சூரன்ஸ் 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 டாலர் எஸ்க்ரோவுக்குப் போகும். இரண்டு மாதக் கையிருப்பையும் சேர்த்தால் அங்கே சராசரியாக 8,000 டாலர் கிடக்கும். அதைச் சேமிப்புக் கணக்கில் போட்டு 4 சதவீத வட்டி கிடைத்தால் வருடத்துக்கு 320 டாலர். அதே ஆள் டெக்ஸாஸில் ஜனவரி 31-ஐத் தவறவிட்டு அடுத்த நாள் கட்டினால் 6 சதவீத அபராதம், 1 சதவீத வட்டி: 630 டாலர். கிட்டத்தட்ட இரண்டு வருட வட்டி ஒரே நாளில் போயிற்று. ஜூலை 1 வரை கட்டாமல் விட்டால் அபராதமும் வட்டியும் 18 சதவீதம் ஆகும். அதற்கு மேல் வசூல் வக்கீலுக்கென்று 20 சதவீதம் வரை சேரும். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஸ்க்ரோ இருந்து, தவணையும் ஒழுங்காகக் கட்டியிருந்தால், சர்வீஸர் தாமதித்ததால் வரும் அபராதம் சர்வீஸர் தலையில். எஸ்க்ரோ இல்லையென்றால் எல்லாம் நம் தலையில்.

இதைச் சொல்வதால் நான் எஸ்க்ரோவின் ஆதரவாளர் என்று நினைக்க வேண்டாம். தேதியை மறக்காத ஆளுக்கு அது தேவையே இல்லை. ஃப்ளோரிடாவில் நவம்பரில் கட்டினால் 4 சதவீதத் தள்ளுபடி, பிறகு மாதத்துக்கு ஒரு சதவீதமாகக் குறைந்துகொண்டே வந்து மார்ச்சில் முழுத் தொகை. 6,000 டாலர் வரிக்கு நவம்பரில் 240 டாலர் மிச்சம். சென்னை மாநகராட்சியும் அரையாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 சதவீதம் தருகிறது. நம் ஆட்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பது வேறு கதை. வருமான வரிக் கணக்கில் சொத்துவரியைக் கழிப்பவர்களுக்கும் ஒரு வசதி இருக்கிறது. எஸ்க்ரோவில் போட்ட பணத்தைக் கழிக்க முடியாது. கவுண்டிக்குப் போய்ச் சேர்ந்த வருடத்தில்தான் கழிக்கலாம். தானே கட்டுகிறவர் டெக்ஸாஸ் வரியை டிசம்பரில் கட்டுவதா, ஜனவரியில் கட்டுவதா என்று தன் கணக்குக்கு ஏற்றபடி முடிவு செய்யலாம். ஒரு வருடத்தின் ஜனவரியிலும் டிசம்பரிலும் இரண்டு வருட வரியைக் கட்டி, கழிவை ஒரே வருடத்தில் குவிப்பவர்கள் உண்டு. எஸ்க்ரோவில் இருந்தால் அந்தச் சாமர்த்தியத்துக்கு இடமில்லை.

வரி பாக்கி எவ்வளவு தூரம் போகும் என்று புதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல மினியாபோலிஸ் வழக்கு ஒன்று எனக்குக் கைகொடுக்கும். ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டி தன் அடுக்குமாடி வீட்டை விட்டு முதியோர் குடியிருப்புக்குப் போய்விட்டார். அந்த வீட்டுக்கு வரி கட்டப்படவில்லை. சுமார் 2,300 டாலர் பாக்கி, அபராதமும் வட்டியும் செலவும் சேர்ந்து 15,000 டாலர் ஆனது. ஹென்னபின் கவுண்டி வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்று, மீதி 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அது செல்லாது என்றது. அப்போது அவருக்கு வயது 94. மீதிப் பணத்தைக் கவுண்டி விழுங்கக் கூடாது என்றுதான் தீர்ப்பு. வீட்டை விற்றதில் தவறு என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. புதுப் பிள்ளைகள் இந்த இரண்டாவது பாதியைக் கேட்கும்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சித்தி பையனின் அடுத்த கேள்வியை நான் எதிர்பார்த்தே இருந்தேன். “பாங்க்தான் இன்சூரன்ஸ் வேணும்னு கேட்டுச்சு. இப்ப கேக்க ஆளில்ல. நிறுத்திடலாமாக்கா?”

சட்டப்படி நிறுத்தலாம். அடமானம் இல்லாத வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ப்ரீமியம் ஏறும் வேகத்தைப் பார்த்தால் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஆல்ட்டடீனாவை ஈட்டன் தீ விழுங்கியபோது, பெற்றோர் காலத்திலேயே கடன் தீர்ந்த வீடுகளில் இன்சூரன்ஸ் இல்லாமலோ போதாமலோ இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவனுக்குச் சொன்னேன். வெள்ளத்துக்கு வழக்கமான வீட்டு பாலிசி பணம் தராது, அதற்குத் தனி பாலிசி வேண்டும், அரசு திட்டத்தில் எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும் என்பதையும் சொல்லி வைத்தேன். மழை மேகத்தைப் பார்த்துவிட்டு ஏஜென்டைக் கூப்பிட்டுப் பயனில்லை.

நிறுத்துவதற்குப் பதில் டிடக்டிபிளை உயர்த்தச் சொன்னேன். நஷ்டத்தில் முதல் எவ்வளவை நாமே ஏற்கிறோம் என்பதுதான் அது. கடன் இருக்கும்வரை பாங்க் அதற்கு உச்சவரம்பு வைக்கும். கடன் போனபின் அது நம் விருப்பம். டெக்ஸாஸில் காற்றுக்கும் ஆலங்கட்டி மழைக்கும் இதைப் பெரும்பாலும் சதவீதமாகத்தான் வைப்பார்கள். கட்டடத்துக்கு 4 லட்சம் டாலர் பாலிசி என்றால் 1 சதவீதம் 4,000, 2 சதவீதம் 8,000. கூடவே ஏஜென்டிடம் பழைய பாங்கின் பெயரை பாலிசியிலிருந்து எடுக்கச் சொல்லவும், ப்ரீமியம் பில்லைத் தன் முகவரிக்கு மாற்றவும் சொன்னேன். பெயர் நீங்காவிட்டால் கூரை சேதமாகும் நாளில் க்ளெய்ம் செக் இரண்டு பேர் பெயரிலும் வரும். இல்லாத கடனுக்காகப் பாங்கின் கையெழுத்தைத் தேடி அலைய வேண்டும். கடன் இருந்தபோது அவன் அதையும் பார்த்தவன்தான். ஆலங்கட்டிக்குப் பிறகு கூரைப் பணத்தைப் பாங்க் பிடித்து வைத்துக்கொண்டு, ஆளனுப்பி வேலையைப் பார்த்துப் பார்த்துத் தவணையாக விட்டது. இப்போது செக் நேராக அவன் கைக்கு வரும்.

2 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டான். முன்பு பாங்குக்குப் போன மாதம் 1,000 டாலர் இப்போது தானாகவே வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. அந்தக் கணக்குக்குக் கார்டு வாங்கக் கூடாது என்பது என் நிபந்தனை. அவன் மனைவிக்கு அதில் என் மேல் லேசான வருத்தம். கிரெடிட் கார்டில் கட்டினால் பாயின்ட் கிடைக்கும் என்று அவன் ஆரம்பித்தபோது, அதற்குக் கவுண்டி தளத்தில் 2 சதவீதத்துக்கு மேல் கட்டணம் இருப்பதைப் பார்க்கச் சொன்னேன். டிசம்பர் மூன்றாம் வாரம் பாங்க் கணக்கிலிருந்தே வரியைக் கட்டி ரசீதை வாட்ஸாப்பில் அனுப்பினான். தொகையைப் பார்ப்பதற்கு முன் அக்கவுண்ட் நம்பரை இலக்கம் இலக்கமாகக் கவுண்டி தளத்தோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. முகவரிப் பத்தியில் மட்டும் பழைய சர்வீஸரின் பெயர் இன்னும் போகவில்லை. திங்கட்கிழமை கவுண்டிக்குப் போன் போடச் சொல்லிப் பதில் அனுப்பினேன்.